எடைப்பாலத்தில் வெள்ளி

புதன்கிழமை அன்று வெள்ளி வந்தது.
சம்பள வெள்ளி இல்லை,
அதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.
சூரியன்மேல் ஒரு புள்ளி ஊருதாம் என்று
சிலிம் ரிவர் கடைத்தெரு முழுக்கப் பேச்சு.
நம்பர் கடையில் ஆறு ஆறு ஒன்று இரண்டு
அதற்குள் விற்று முடிந்துவிட்டதாம்,
ஜைனால் லோரியை நிறுத்தாமலே சொன்னார்.
(விழவில்லை. அது ராத்திரிதான் தெரிந்தது.)

எனக்கு எடைப்பாலம்.
லோரி ஏறும், நிற்கும்,
சிவப்பு எண்கள் தடுமாறி ஓரிடத்தில் அடங்கும்.
செம்பனைக் குலையோடு ஓர் எடை,
குலையை இறக்கிவிட்டு ஓர் எடை.
முன்னதில் பின்னது போக மிச்சம்தான் காசு.
பதினோரு வருஷமாய் இந்தக் கழித்தல்.

அன்று லோரிகள் வரிசையாய் நின்றன,
உள்ளே ஆளில்லை.
பட்டறை வாசலில் நாகேந்திரன்
வெல்டிங் முகமூடியை வைத்துக்கொண்டு
தீர்த்தம் கொடுப்பவர்போல
ஆளுக்குப் பத்து எண்ணிக்கை கொடுத்தார்.
"பதினாலாம் நம்பர் கண்ணாடி. பயப்படாமல் பாருங்கள்.
வெறுங்கண்ணால் மட்டும் வேண்டாம்."
ஷொஃபிக் பார்த்தான், தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
ஆ கியோங் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்றார்.
கண்ணாடியில் தூசி என்று மண்டோர்
சட்டை நுனியால் துடைத்தார்.
புள்ளி போகவில்லை.

என் முறை.
முகமூடியின் உட்பட்டை ஈரமாயிருந்தது,
ஆறேழு பேரின் வியர்வை.
அதற்கும் அடியில் இரும்பு கருகிய வாடை.
அது அவருடையது.

"எட்டு வருஷத்துக்கு முந்தியும் ஒரு தடவை வந்ததாம்,
பேப்பரில் போட்டிருந்தான்."
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

எட்டு வருஷம்.
அந்த ஜூனில்தான் அவர் வீட்டார்
பழத்தட்டோடு வந்து ஜாதகம் வாங்கிப் போனார்கள்.
பெண்ணுக்குச் சுக்கிரன் அஸ்தங்கம் என்றார்
தஞ்சோங் மாலிம் ஜோசியர்.
சூரியனை ரொம்ப நெருங்கி
எரிந்துபோன கிரகம்.
மடித்தது மடித்தபடி தாள் திரும்பி வந்தது.
அதன்பின் அவர் பட்டறையில், நான் பாலத்தில்,
நடுவே நாற்பதடித் தார்.
எரிந்துபோன என்ற அந்தச் சொல் மட்டும்
எந்தப் பூட்டுக்கு என்று மறந்துபோன சாவியாய்
என் கைப்பையின் அடியில் கிடந்தது.

முதலில் இருட்டு.
பிறகு பச்சையாய் ஒரு சூரியன்,
புளிப்பு மிட்டாய்போல.
அதன் ஓரத்தை ஒட்டி
எள்ளில் பாதி இருக்கும்,
கறுப்பாய், உருண்டையாய்,
எரியாமல்.
அவசரமும் இல்லை அதற்கு.
அடுப்புக்கு முன்னால் குறுக்கே போகிற ஆள்மாதிரி
தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏழு, எட்டு என்று எண்ணினார் நாகேந்திரன்.
ஒன்பதுக்குப் பிறகு
பத்து வர ரொம்ப நேரமானது.
நான் கேட்கவில்லை. அவராகத்தான்.

அடுத்தது நூற்றைந்து வருஷம் கழித்தாம்.
செம்பனைக்கு ஆயுசு இருபத்தைந்து,
பிறகு சாய்த்துவிட்டுக் கன்று வைப்பார்கள்.
நாலு முறை சாய்த்து, நாலு முறை நட்டு,
தோட்டம் எவன் பேருக்கோ மாறி,
இதே மண்ணில் எவளோ ஒருத்தி அண்ணாந்து பார்ப்பாள்.
அவள் கையில் ஜாதகம் இருக்காது
என்று வைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.
வந்து உட்கார்ந்தேன்.
பட்டையின் ஈரம் நெற்றியில் இருந்தது,
துடைக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு
அது சூரியனைவிட்டு இறங்கியதாம்.
அப்போது நான் ஜைனாலுக்கு
வெறும் லோரி எடை போட்டுக்கொண்டிருந்தேன்.
சீட்டில் நேரம் எழுதும்போது
பட்டறையில் வெல்டிங் பொறி வெடித்தது,
நீலமாய், இரண்டு தடவை.

வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பார்கள்.
பார்த்தேன்.